ஜார்ஜியக் காலத் துப்பறியும் புனைவும் சென்னையின் பிகட் வழக்கும்

ஜார்ஜ் என்ற பெயர் கொண்ட நான்கு மன்னர்கள் இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலம் ஜார்ஜியக் காலம் எனப்படும். அக்காலத்தில் நடப்பதாக எழுதப்படும் மர்மக் கதைகளே ஜார்ஜியக் காலத் துப்பறியும் புனைவுகள். தமிழில் சுஜாதாவின் ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’ சோழர் காலத்தில் துப்பறிவதைப் போல, இவை பதினெட்டாம் நூற்றாண்டில் துப்பறிகின்றன.

சிறப்பு இயல்புகள்

கைரேகை, இரத்தப் பரிசோதனை எதுவும் அன்று இல்லை. லண்டனில் முறையான காவல்துறை அமைந்ததே 1829-இல்தான். அதற்கு முன் 1749-இல், நாவலாசிரியரும் நீதிபதியுமான ஹென்றி ஃபீல்டிங் ஒரு சிறு துப்பறியும் குழுவை அமைத்தார். அவருக்குப் பின் வந்த அவருடைய தம்பி ஜான் ஃபீல்டிங் பார்வையற்றவர். அவரை நாயகனாக வைத்து புரூஸ் அலெக்சாண்டர் 1994-இல் ‘பிளைண்ட் ஜஸ்டிஸ்’ என்ற நாவலை எழுதினார். ஆக, இவ்வகைக் கதைகளில் கருவிகளைவிடச் சாட்சியும் தருக்கமுமே முக்கியம்.

சென்னையில் ஒரு மெய் வழக்கு

இத்தகைய நாவலுக்கு ஏற்ற நிகழ்ச்சி நம் ஊரிலேயே உண்டு. 1773-இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றினார். 1775 இறுதியில் சென்னை ஆளுநராக மீண்டும் வந்த ஜார்ஜ் பிகட், 1776 ஏப்ரலில் தஞ்சையை அதன் மன்னர் துளஜாவிடமே திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர், நவாபுக்குத் தாம் பெருந்தொகை கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடு தஞ்சையின் வருவாயே என்றும் உரிமை கோரினார்.

ஆளுநரவை இரண்டுபட்டது. பிகட் தம்மை எதிர்த்த உறுப்பினர்களைத் தற்காலிகமாக நீக்கினார். அவர்கள் தரப்போ 1776 ஆகஸ்டு 24 அன்று ஆளுநரையே கைது செய்தது. கைதை நடத்திய கர்னல் ஸ்டூவர்ட், அன்று பிகட்டுடன் ஒரே வண்டியில் சென்றுகொண்டிருந்தவர்! பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்ட பிகட், 1777 மே 11 அன்று கம்பெனியின் தோட்ட மாளிகையில் இறந்தார். அம்மாளிகை இருந்த இடமே இன்றைய ஓமந்தூரார் அரசினர் தோட்டம். கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

விசாரணையும் முடிவும்

மரண விசாரணை செய்த ஜூரிகள், இது கொலையே என்று தீர்ப்பளித்தனர். ஆனால் நஞ்சோ தாக்குதலோ மெய்ப்பிக்கப்படவில்லை. கொலைக் குற்றச்சாட்டும் நிலைக்கவில்லை. 1780-இல் லண்டனில், ஆளுநரவை உறுப்பினர் நால்வருக்கு ஆளுக்கு 1,000 பவுன் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டது. அதுவும் ஆளுநரைச் சட்டத்துக்கு மாறாகப் பதவியிறக்கிச் சிறைவைத்த குற்றத்துக்காக.

கதையாக எழுதும்போது

சட்டவிரோதக் காவலில் ஒருவர் நோயுற்று இறந்தால் அது கொலையா? இக்கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை. இன்னொன்றும் உண்டு. ஆங்கிலேயர் தங்களுக்குள் அடித்துக்கொண்ட அந்தக் கடனுக்கு ஈடாகச் சொல்லப்பட்டது தஞ்சை உழவர் விளைவித்த நெல். அவர்கள் பக்கமிருந்து இந்த மர்மத்தைத் தொடங்கும் எழுத்தாளருக்கு, லண்டன் நாவல்களில் கிடைக்காத ஒரு களம் காத்திருக்கிறது.