வீட்டுக்கு வந்த மில்லிங் மெஷின்

புனேயில் மில்லிங் மெஷினுக்கும் கைதேர்ந்த ஆட்களுக்கும் பஞ்சமில்லை. டாடா மோட்டார்ஸ், பஜாஜ், பாரத் ஃபோர்ஜ் போன்ற பெரிய ஆலைகளை நம்பி போசரி எம்.ஐ.டி.சி.யில் சிறு பட்டறைகள் பெருகிக் கிடக்கின்றன. அங்கே சி.என்.சி.யில் ஊறிய ஒருவர் வீட்டு ஷெட்டில் கையால் ஓட்டும் சின்ன மில்லிங் ஒன்றை வாங்கிப் போட்டால், முதலில் தடுமாறுவது அவருடைய அனுபவம்தான்.

காரணம், ஸ்க்ரூவில் இருக்கும் ‘பிளே’. சி.என்.சி.யில் பால் ஸ்க்ரூ. பிளே அநேகமாகத் தெரியாது. சாதாரண ஸ்க்ரூவில் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் அளவுக்கோடு நகரும், டேபிள் நகராது. அதனால் எந்த அளவையும் ஒரே திசையிலிருந்துதான் நெருங்க வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்வாங்கி மறுபடி வர வேண்டும். சி.என்.சி. ஆட்கள் பழக்கத்தில் கட்டர் சுழலும் போக்கிலேயே ஜாபை ஊட்டுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் கட்டரே டேபிளை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். ஜாப் பறக்கும் அல்லது கட்டர் ஒடியும். கட்டரை எதிர்த்து ஊட்டுவதே இந்த மெஷினுக்குச் சரி.

கட்டர் பெட்டி வாங்கும் பணத்தில் முதலில் ஒரு டயல் கேஜ் வாங்கலாம் என்பேன். அதை ஸ்பிண்டிலில் மாட்டி, டேபிள்மேல் ஒரு வட்டம் சுற்றிப் பார்த்தால் தலை சாய்ந்திருப்பது தெரிந்துவிடும். முழுச் சுற்றுக்கும் முள் 0.02 மி.மீ.க்குள் நின்றால் வீட்டு வேலைக்குப் போதும். அடுத்து வைஸின் அசையாத தாடை. போல்ட்டை இறுக்கும்போதே அது நகர்ந்துவிடும் என்பதால் இறுக்கியபிறகும் ஒருமுறை முள்ளை ஓடவிட வேண்டும்.

வேகத்துக்குக் கணக்கு எளிது. மைல்டு ஸ்டீலுக்கு எச்.எஸ்.எஸ். கட்டர் என்றால் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம், 10 மி.மீ. கட்டருக்கு அது 800 சுற்று. அலுமினியத்துக்கு மூன்று மடங்கு தாராளமாகப் போகலாம். பெரிய மெஷினின் எடை அதிர்வை விழுங்கிவிடும். இதற்கு அந்த உடம்பு இல்லை. அலறினால் வெட்டும் ஆழத்தைக் குறையுங்கள். ஜூனில் மழை பிடித்ததும், வேலை முடிந்த கையோடு டேபிளுக்கு எண்ணெய் பூசாவிட்டால் துரு வந்துவிடும்.

பழகுவதற்கு, ஞாயிறு ஜூனா பஜாரில் ஏதாவது அலுமினியத் துண்டு கிடைத்தால் ஆறு பக்கமும் சதுரமாக்கிப் பாருங்கள். முதல் முகத்தைச் சீவியதும் அதை அசையாத தாடையில் ஒட்டவைத்து, எதிர்ப்புறம் ஒரு உருண்டைக் கம்பியைக் கொடுத்து இறுக்க வேண்டும். அப்போதுதான் சீவிய முகம் தாடையோடு முழுசாகப் படியும். மூலைமட்டம் வைத்துப் பார்க்கையில் வெளிச்சம் தெரிந்தால், தலையைக் கழற்றும் முன் தாடை இடுக்கைப் பிரஷ்ஷால் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சின்னத் துகள் உட்கார்ந்திருக்கும்.