சலானில் கையெழுத்து எங்கே?

மஞ்சள் பையிலிருந்து அவர் மேசையில் கொட்டியதெல்லாம் டெலிவரி சலான்கள். முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் கார்பன் நகல்; பாதி எழுத்து வியர்வையில் கரைந்துவிட்டது. ‘பெற்றுக்கொண்டவர்’ என்று அச்சடித்த இடம் முக்கால்வாசி சலானில் காலி. சிலவற்றில் வாட்ச்மேன் போட்ட ஒரு கிறுக்கல் மட்டும் இருக்கிறது, தேதி இல்லை. திருப்பூரில் பன்னிரண்டு பவர்டேபிள் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறவர். ஏற்றுமதியாளரிடமிருந்து வரவேண்டியது நாலு லட்சம்.

“போன் பண்ணினா, ஷிப்மென்ட் போகட்டும், பேமென்ட் வரட்டும்ங்கறாருங்க. ரெண்டு வருசமா இதே பேச்சுத்தான்.”

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன்.

“அது லோனுக்குத்தானுங்களே? நமக்கு எதுக்குங்க?”

இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, செக்கிங் என்று ஜாப் ஒர்க் செய்கிற யாரைக் கேட்டாலும் இதேதான். மேலே ஏற்றுமதியாளருக்குப் பணம் நின்றால், கீழே அடுக்கடுக்காக எல்லோருக்கும் நிற்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஏற்கெனவே நின்ற பாக்கிக்கும் அதுவே காரணமாகிவிட்டது. ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததா என்பது அவர் கவலை. உங்கள் கூலியை அதோடு முடிச்சுப் போடச் சட்டத்தில் இடமில்லை.

அந்தச் சட்டம் 2006-லிருந்தே இருக்கிறது: குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதி, ஆனால் எப்படியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆர்டர் தாளில் ‘பேமென்ட் 90 நாள்’ என்று அச்சடித்து, நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்த 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வருடத்துக்கு 20.25 சதவீதம். நாலு லட்சத்துக்கு ஒரு வருடத்தில் ஏறத்தாழ 89,000 ரூபாய். இவரோ அசல் வந்தால் போதும் என்று கும்பிடுகிறார்.

டெபிட் நோட்டு வியாதியும் நம் ஊரில் உண்டு. ஆறு மாதம் இழுத்துவிட்டு, ‘தையல் சரியில்லை, 60,000 பிடித்தம்’ என்று ஒரு தாள் வரும். சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த 15 நாளை எதிலிருந்து எண்ணுவது? சலானில் உள்ள தேதியிலிருந்து. அதனால்தான் அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதல் வேலை, உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் போதும். ஜிஎஸ்டி வரம்புக்குள் வராத சின்ன யூனிட்டுக்கு ஜிஎஸ்டி எண்கூட வேண்டியதில்லை. கட்டணம் ஒரு பைசா கிடையாது. இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கிற தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி ‘கவ்.இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. 2025-இல் இன்னொரு அமர்வு மாறாக நினைத்து, விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பதியுங்கள். நூலோ பட்டனோ வாங்கி விற்பது மட்டும் தொழில் என்றால், உத்யம் எண் இருந்தாலும் பாக்கி வசூலுக்கு இந்தச் சட்டம் உதவாது. நடுத்தர நிறுவனமாக வளர்ந்துவிட்டவருக்கும் இந்த வழி இல்லை.

இரண்டாவது, பில். சலானோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு டெலிவரிக்கும் பில் போடுங்கள். அதில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போன் மாற்றுகிறபோது அதுதான் முதலில் தொலைகிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது ‘இவ்வளவு பாக்கி’ என்று கம்பெனி சீல் வைத்து, கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். பாக்கி வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் ஆயுள். கெடு முடிவதற்குள் வாங்கிய அந்த ஒப்புதல், மூன்று வருடத்தைப் புதிதாக எண்ண வைக்கும்.

மூன்றாவது, புகார். தரகர் வேண்டாம். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீட் போஸ்டில், ஒப்புகை கேட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் சமாதான் தளம் இருக்கிறது. இணையவழித் தகராறு தீர்வுக்கென்று 2025 ஜூனில் இன்னொரு தளமும் வந்தது. புது மனுவை எதில் ஏற்ற வேண்டும், உங்கள் மாவட்டம் எந்த வசதியாக்கக் கவுன்சிலின் கீழ் வருகிறது என்ற இரண்டையும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உத்யம் சான்று, ஆர்டர், பில், கையெழுத்துள்ள சலான், கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகை, வட்டிக் கணக்கு ஆகியவற்றை இதே வரிசையில் ஸ்கேன் செய்து கொண்டு போங்கள். வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே ஓட வேண்டாம். உங்கள் ஊர் எந்தக் கவுன்சிலில் வருகிறதோ அதுவே விசாரிக்கும். முதலில் சமரசம் பேசுவார்கள், அது முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அதை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கிறவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அசலிலும் வட்டியிலும் பேரம் பேசுகிற முதலாளிகள் இறங்கி வருவது பெரும்பாலும் இதைக் கேட்ட பிறகுதான்.

90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடிகிறதா? வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கிக்கொண்டு அலைகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் போன தொழில் மையம் ஒன்றில் மானியக் கடன் திட்டங்களின் பட்டியல் சுவர் நிறைய ஒட்டியிருந்தது. 45 நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, “ஆன்லைன்ல இருக்கு சார்” என்றார்கள். பவர்டேபிள் முன்னால் பதினாலு மணி நேரம் உட்காருகிறவருக்கு அதைச் சுவரில் எழுதிப்போட எவ்வளவு செலவாகிவிடும்?

2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் தராத பணத்தை, வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். மார்ச் மாதத்தில் இதை அவர் ஆடிட்டருக்கு நினைவூட்டினாலே பல பாக்கிகள் நகரும். இதற்குப் பயந்து, ‘உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன்’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கையில் இருக்கிற ஒரே பிடியைக் கேட்டு வாங்குகிறவர், பிறகு பணம் தருவார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

தேதி போட்ட காசோலை கையில் இருந்தால் பையில் வைத்து அழகு பார்க்காதீர்கள். மூன்று மாதம்தான் செல்லும். பணமில்லாமல் திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். ‘அடுத்த வாரம் போடுங்க’ என்று அவர் சொல்லச் சொல்ல, இந்தக் கெடுவெல்லாம் ஓடிவிடும். ஆள் வைத்து வசூலிக்கிறேன் என்று வருகிறவர்களிடமும் போய்விடாதீர்கள். பாக்கியை விட்டுவிட்டு, குற்ற வழக்குக்கு வாய்தா கேட்க அலைவீர்கள்.

மஞ்சள் பைக்காரரின் சலான்களில் கையெழுத்தும் தேதியும் இருந்தவை பதினொன்று. அவற்றுக்கு மட்டும் முதலில் மனு எழுதினோம். நாளைக் காலை உங்கள் டெம்போ கிளம்பும்போது டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள்: பெயர், கையெழுத்து, தேதி, சீல் நான்கும் வாங்காமல் சரக்கை இறக்காதே.