முழத்துக்குள் இரண்டு எலும்புகள்

பூக்கடையில் முழம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை முனையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம். விற்பவர் கை குட்டையானால் வாங்குபவருக்கு நட்டம்! ஆங்கிலேயர் பழங்காலத்தில் துணி அளந்த 'எல்' என்ற அளவுக்கும், முன்கை எலும்பான 'அல்னா'வின் பெயருக்கும் வேர் ஒன்றே. அவர்கள் எல் 45 அங்குலம்.

முன்கையில் எலும்புகள் இரண்டு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. நாம் மேசையில் ஊன்றும் முழங்கை முனை இதன் தலைப்புதான். கதவுக் கீல் போல மடக்கி நீட்டுவது இதன் வேலை. பெருவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். மேலே சிறிய வட்டத் தலை. கீழே அகன்று மணிக்கட்டைத் தாங்குகிறது.

சில்லறை வாங்க உள்ளங்கையை மேலே காட்டும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதைக் கல்லாவில் போடக் கையைக் கவிழ்த்ததும் ரேடியஸ் மட்டும் அல்னாவின் மேல் குறுக்கே புரண்டு பெருக்கல் குறி போலாகிறது. முழங்கை முனையை மறு கையால் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள், முனை அசையாது.

மணிக்கட்டில் வரும் பாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு ரேடியஸுக்கே. ஆகவே வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் அதுவே மணிக்கட்டருகில் முறிகிறது. டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை 1814-இல் எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்தது 1895-இல்தான்!

நம் மண்டியில் சில ஆண்டுகளுக்கு முன் லாரியிலிருந்து சுமைதூக்கும் தம்பி ஒருவர் விழுந்தார். முன்கை முறிந்தது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். இரவெல்லாம் வலி கூடிக்கொண்டே போனது. 'கட்டு என்றால் வலிக்கத்தான் செய்யும்' என்று நாமும் சொன்னோம். அது நம் தவறு.

விரல்களை இயக்கும் தசைகள் முன்கையில்தான் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. முறிந்த இடம் வீங்கும்போது கட்டு இடம் கொடுக்காவிட்டால் இரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். மாவுக்கட்டிலும் இது நேரலாம். வலி கூடுதல், விரலை நீட்டினால் உயிர் போகும் வலி, மரத்துப்போதல், விரல் வெளுத்துக் குளிர்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திராமல் கட்டைத் தளர்த்த மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

அந்தத் தம்பியின் எலும்பு கூடிவிட்டது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இப்போது நம் மண்டியில் வரும் மூட்டைகளை எண்ணி இடக்கையால் குறித்துத் தருகிறார்.