ஷோகேஸில் நிற்கும் குதிரை வீரன்... வெள்ளியா, ஈயமா?

உள்ளங்கை உயரத்தில் ஒரு குதிரை வீரன். வெள்ளி போல மின்னினாலும் அது வெள்ளி இல்லை, பியூட்டர். பெயர்தான் புதுசு. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் அதே வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்தால் பியூட்டர். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் (வெறும் சொம்பை அடுப்பில் வைத்துப் பறிகொடுத்தவர்களுக்குத் தெரியும்!). அதனால்தான் கடிவாளம், சேணம், மீசை வரை அச்சில் நுணுக்கமாக வார்க்க முடிகிறது.

தாமிரபரணிக் கரைக்கு இந்த உலோகம் அந்நியமல்ல. ஆதிச்சநல்லூர் வெண்கலப் பொருட்களில் செம்போடு கலந்திருப்பதும் வெள்ளீயமே. குதிரையும் அப்படித்தான். ஆறு கடலில் சேரும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்ததை 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். பெரும் விலை கொடுத்து வாங்கியும், பராமரிக்கத் தெரியாததால் பாண்டிய நாட்டில் ஏராளமான குதிரைகள் மடிந்தன என்கிறார் அவர்.

பழைய சிலைகளைத் தேடி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்தில் மலிவுக்காகக் காரீயம் கலந்து வார்த்ததும் உண்டு. அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. ‘லெட் ஃப்ரீ’ என்று உறுதியாகத் தெரியாத வீரன், பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத மேல் தட்டிலேயே நிற்கட்டும். துடைத்து வைத்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.