படகு தண்ணீரில்... பரிசோதனை அடியில்!

வங்கக்கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேட்டில் விசைப்படகுகளைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசுவது பெரும்பாலும் அப்போதுதான். மீதி பத்து மாதங்கள்? படகு தண்ணீரிலேயே கிடக்கும். கோளாறு வந்தாலோ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்!

வேகம் குறைகிறதா, டீசல் கூடுதலாகக் குடிக்கிறதா, படகு அதிர்கிறதா? புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம். பாசியும் சிப்பியும் அப்பியிருக்கலாம்.

நீர்புகாத கேமராவைக் கம்பில் கட்டி இறக்கினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கலங்கல் நீரில் அது உதவாது. ஆள் முங்கிக் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். புரொப்பெல்லர் இறக்கை வளைந்திருக்கிறதா? சுக்கான் ஆடுகிறதா? துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டதா? தான் கரைந்து, மற்ற உலோகங்களை அரிப்பிலிருந்து காப்பது இந்தக் கட்டிதான்.

பெரிய சரக்குக் கப்பல்களுக்கு 5 ஆண்டுகளில் இரண்டு முறை அடிப்பாகச் சோதனை கட்டாயம். அதில் ஒன்றை, நிபந்தனைகளுடன், தண்ணீரில் வைத்தே முடிக்க சர்வதேச விதிகள் அனுமதிக்கின்றன.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஆள் இறங்கும் முன் இன்ஜினை அணைத்து, சாவியைக் கழற்றிவிட வேண்டும். மேலே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். விவரம் தெரியாத யாரோ ஸ்டார்ட் செய்தால், போவது உயிர்!