அசையும் கோடுகள் – 9: நிறைகுடமும் வெறுங்குடமும்

என் அக்கா மகன் இரண்டு வருடம் அனிமேஷன் படித்தான். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். படிப்பு முடிந்ததும் ஷோரீல் தயாரித்தான். இந்தத் துறையில் வேலை கேட்டுப் போகிறவர்கள் தங்கள் கைவேலையைக் காட்டும் சின்ன வீடியோ அது. நெருப்புக் கக்கும் டிராகன், சரிந்து விழும் நகரம் எல்லாம் அதில் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டுப் போனான். அங்கே நேர்காணல் செய்தவர் அதைப் பேசாமல் பார்த்து முடித்துவிட்டு, "ஒரு பெண் இடுப்பில் நிறைகுடத்தோடு நடக்கிறாள். அதே பெண் வெறுங்குடத்தோடு நடக்கிறாள். செய்து காட்டுங்க தம்பி" என்றாராம். இவன் செய்த இரண்டு நடையும் ஒன்றுபோலவே இருந்தன.

குடம் நிறைந்திருந்தால் ஒரு பக்க இடுப்பு ஏறும், மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாயும், சும்மா இருக்கும் கை சற்று விலகி நின்று சமன் செய்யும், அடி குறுகும். இதைத் தெரிந்துகொள்ள சாஃப்ட்வேர் வேண்டாம். தெருக்குழாயடியில் பத்து நிமிடம் நின்றால் போதும். பார்த்ததை நோட்டில் வரைந்து பழக வேண்டும். அதை அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை.

அனிமேஷன் பயிற்சியில் வழக்கமான முதல் பாடம் துள்ளும் பந்து. சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம். நாலடி உயரத்திலிருந்து விட்ட பந்து தரைக்கு வர அரை விநாடி, அதாவது 12 ஃபிரேம். முதல் 6 ஃபிரேமில் அது ஓரடிதான் இறங்கியிருக்கும். மிச்சமுள்ள மூன்றடியை அடுத்த 6 ஃபிரேமில் கடக்கும். மேலே ஓர் இடத்தையும் கீழே ஓர் இடத்தையும் நாம் குறித்துக் கொடுத்தால் நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டர் நிரப்பிவிடும். ஆனால் அதன் போக்கில் விட்டால், தரை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, பஞ்சு மெத்தையில் வைப்பதுபோல் பந்தை இறக்கும். அது தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டியது நம் கண்தான். இன்னொன்று: ரப்பர் பந்தும் இரும்புக் குண்டும் விழுவது ஒரே மாதிரிதான். தரையைத் தொட்ட பிறகுதான் எது ரப்பர், எது இரும்பு என்று தெரியும். இது கைவந்தவனுக்குக் குடமும் வரும்.

உருவத்தைச் செய்பவர் மாடலர். அதற்கு எலும்பும் மூட்டும் பொருத்துபவர் ரிக்கர். அதை நடிக்கவைப்பவர் அனிமேட்டர். அப்புறம் லைட்டிங், கம்பாசிட்டிங். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் நுழையும் வாசல் ரோட்டோ: நடிகரின் உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாக ஓரம் வரைந்து பிரித்தெடுக்கும் வேலை. 5 விநாடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். காற்றில் பறக்கும் முடி இருந்துவிட்டால் கண் பூத்துப்போகும். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைத்திருப்பதும் இதில்தான். ரோட்டோவில் நுழையலாம், அங்கேயே தங்கிவிடக் கூடாது.

பெற்றோர் கேட்பது வேலை நிலைக்குமா என்பதை. பாண்டிச்சேரிச் சிறுவனும் புலியும் படகில் தவிக்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம்தான் அந்தப் படம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. திறமைக்குக் குறைவில்லாத இடத்திலும் வேலை போகும். அதை மறைத்துப் பிள்ளைகளை இந்தத் துறைக்கு அழைப்பது பாவம்.

ஆனால் கற்க வழியில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பிளெண்டர் என்ற சாஃப்ட்வேரை 2002 முதல் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். லாத்வியாக்காரர் ஒருவர் இயக்கிய, வசனமே இல்லாத பூனைக் கதையான 'ஃப்ளோ' அதில்தான் உருவானது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான். படிப்பென்று போனால், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், நம் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அனிமேஷன் பட்டப்படிப்பு நடத்துகின்றன.

பெற்றோரே, தனியார் மையத்தில் பணம் கட்டுவதற்கு முன் மூன்று மாதம் பொறுங்கள். பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரில் பந்தைத் துள்ள வைக்கட்டும், பிறகு குடத்தோடு நடக்க வைக்கட்டும். அலுக்காமல் உட்கார்ந்தால் கூட்டிப் போங்கள். அங்கே எத்தனை சாஃப்ட்வேர் என்று கேட்காதீர்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வரையச் சொல்வீர்கள் என்று கேளுங்கள்.