கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம்

கோல்ப் என்றாலே துரைமார் விளையாட்டு என்றுதானே நமக்கு நினைவு! அமெரிக்காவின் தென்மாநிலமான டெக்சசில், கிளப்பில் சேராமலே, கட்டணம் கட்டி எவரும் ஆடக்கூடிய பொதுத் திடல்கள் பல உண்டு.

சான் அந்தோனியோவின் பிராக்கன்ரிட்ஜ் பூங்காத் திடல் 1916-இல் திறக்கப்பட்டது. அம்மாநிலப் பொதுத் திடல்களில் 18 குழிகளுடன் அமைந்த மிகப் பழையது அதுவே. ஹூஸ்டனின் மெமோரியல் பார்க் திடல், முதல் உலகப் போரின்போது இராணுவ முகாமாக இருந்த இடம்.

ஆனால் அவசியம் பார்க்கவேண்டியது ஆஸ்டின் நகரின் லயன்ஸ் திடல்தான். 1924-இல் லயன்ஸ் சங்கத்தார் அமைத்தது. அந்நாளில் கறுப்பினத்தார் அங்கே மட்டைப் பை சுமக்கலாம்; மட்டையைப் பிடித்து ஆடக்கூடாது. 1950-ஆம் ஆண்டின் கடைசியில் கறுப்பினப் பையன்கள் இருவர் துணிந்து இறங்கி ஆடத் தொடங்கினார்கள். திடல் ஊழியர்கள் பதறிப்போய் நகராட்சிக்குத் தகவல் சொன்னார்கள். மேயர் டெய்லர் கிளாஸ் மன்ற உறுப்பினர்களுடன் கலந்து பேசினார். பையன்களைத் தடுக்கவேண்டாம் என்று முடிவாயிற்று. வழக்கில்லை, அடிதடியில்லை! தென்மாநிலங்களில் நிறத்தடை முதன்முதலாக நீங்கிய திடல்களில் ஒன்று என்பதால், 2016-இல் அது நாட்டின் வரலாற்று இடங்களுக்கான பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

செய்தி பரவியதும், ஹூஸ்டன், டல்லஸ் போன்ற தூரத்து ஊர்களிலிருந்தும் கறுப்பின ஆட்டக்காரர்கள் அங்கே வந்து ஆடினார்கள்.